கணக்கில் வராத அறை

நாலாம் ரூம் எலிகளைக் கொன்றுவிடச் சொல்லி உத்தரவு வந்தபோது அமலிக்கு அதில் சங்கடம் ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்தது. அப்புறம் போய்விட்டது. கூண்டைத் தூக்குவது, நனைந்த உமியைக் கொட்டிவிட்டுப் புது உமி போடுவது, வாலைப் பிடித்து எடைத்தட்டில் வைப்பது, காஸ் பெட்டிக்குள் விட்டு மூடுவது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற வேலைகள். பஞ்சாலையில் மூணு வருசம் அறுந்த இழையை ஒட்டிப் பழகிய கை. அது யோசிக்காது.

அந்தக் கட்டடத்தை எல்லோரும் எலி வீடு என்றுதான் சொல்வார்கள். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில், மருந்துக் கம்பெனியின் காம்பவுண்டுக்குள் கடைசியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. காலையில் லைட் தானாகவே எரியும், சாயங்காலம் தானாகவே அணையும். எலிகளுக்கு அதுதான் சூரியன்.

ஐப்பசி மழையில் இடி விழுந்து நாலாம் ரூமின் டைமர் கெட்டுப்போயிருந்தது. அணைய வேண்டிய டியூப்லைட்டுகள் அணையவே இல்லை. பகலில் வந்து தீனி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு லைட் எரிவது வித்தியாசமாகப் படவில்லை. ஒரு மாசத்துக்கு மேல் அப்படியே எரிந்திருக்கும் என்று எலக்ட்ரீசியன் சொன்னான்.

"நாலாம் ரூம் இனிமே கணக்குல வராது தாயி," என்றார் கருத்தப்பாண்டி. எலி வீட்டுக்கு அவர்தான் மேஸ்திரி. கட்டடம் கட்டும்போது சித்தாளாக வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். "மொத்தத்தையும் பெட்டியில போட்டுரு. புது எலி எறக்குவாங்க."

"எல்லாம் நல்லாத்தானண்ணே இருக்கு. தீனி திங்குது, ஓடுது."

"நீயும் நானுங்கூடத்தான் திங்குறோம், ஓடுறோம். பாதி நேரம் வெளிச்சம், பாதி நேரம் இருட்டு. எலிக்கு இது ரூலு. ரூலு தப்புன எலிய வெச்சு சோதன பண்ணா முடிவு தப்பா வருமாம்." பீடிக்குக் கை போனது. உள்ளே பீடி கூடாது என்பது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார். "நமக்குத்தான் இந்த மாதிரி ஒரு ரூலும் போட நாதியில்ல."

அமலி முதல் கூண்டைத் தூக்கும்போதுதான் டாக்டர் வினோதா வந்தார். கம்பெனிக்குப் புதுசு. முப்பது வயசு இருக்கும். எலிகளைத் தொடும்முன் கையைச் சூடாக்கிக்கொள்கிற ஒரே டாக்டர்.

"அதுல ஒரு அஞ்சாறு எனக்கு வேணும் அமலி."

"கணக்குல வராது மேடம்," என்றார் கருத்தப்பாண்டி.

"தெரியும். உறுப்பை மெல்லிசா சீவிப் பார்க்கிற புது வெட்டு மிஷின் வந்திருக்கு. பழகிப் பார்க்கணும். எப்படியும் சாகப்போற எலிதானே. நல்ல எலியை எதுக்கு வீணாக்கணும்."

இவ்வளவுதான் நடந்தது. பழகிப் பார்க்க எலி கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

*

அந்தக் கம்பெனி இரண்டு ஊசிகள் செய்தது. ஒன்று நிறுத்த ஊசி. இன்னொன்று எழுப்பு ஊசி. பெட்டியில் வேறு பெயர் அச்சடித்திருக்கும். மில் பெண்கள் வைத்த பெயர் இதுதான்.

மாசத்தில் மூணு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மிஷினை யார் ஓட்டுவது என்பது மில்காரர்களுடைய பழைய கேள்வி. முன்னெல்லாம் பேர் இல்லாத மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஊசி வந்தது. சேரும்போது ஒன்று போட்டால் மூணு வருசத்துக்குத் தீட்டே வராது. மூணு வருசம் முடிந்து, கல்யாணத்துக்குச் சேர்ந்த பணத்தோடு வெளியே போகும்போது எழுப்பு ஊசி போடுவார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். எலிகளுக்கு ஆனது. சோதனைக்கு வந்த பெண்களுக்கும் ஆனது. சர்க்கார் முத்திரையும் விழுந்தது.

யாரும் கையைக் காலைக் கட்டிப் போடவில்லை. அமலி சந்தோசமாகத்தான் போட்டுக்கொண்டாள். அப்போது வயசு பதினேழு. வலி இல்லை, கறை பயம் இல்லை, சூப்பர்வைசரிடம் போய் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு லீவு கேட்க வேண்டியதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் ஹாஸ்டலுக்கு வந்து, பஞ்சு ஒட்டிய தலையோடு விழுந்து தூங்குகிற பெண்ணுக்கு இது ஒரு வரம்.

எழுப்பு ஊசி அவளை எழுப்பவில்லை. ஹாஸ்டலிலேயே போட்ட முதல் ஊசி பலிக்கவில்லை. கல்யாணம் ஆனபிறகு அம்மா வீட்டில் வைத்து இரண்டாவது. அடுத்த வருசம் மூணாவது. அதற்குமேல் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரத்தசோகை உள்ள உடம்பு, சத்தில்லாத வளர்த்தி, சில பேருக்கு இப்படி ஆகும் என்றார்கள். சில பேர் என்றால் எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு தெருவுக்கு ஒருத்தி இருந்தாள்.

புருசன் சகாயராஜ் நல்லவன்தான். அடிக்கவில்லை, வையவில்லை. கேரளாவுக்கு லோடு ஏற்றிப்போனவன் ஒருநாள் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டான். அங்கே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் இருப்பதாகக் கிளீனர் பையன் வந்து சொன்னான். குழந்தை சகாயராஜ் சாடையாம். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஊசி பலிக்காத பெண்களுக்குக் கம்பெனியே வேலை கொடுத்தது. பெரிய மனசு என்று பேப்பரில் போட்டார்கள். அப்படித்தான் அமலி எலி வீட்டுக்கு வந்தாள்.

*

"நாலாம் ரூம் எலிக்கு எழுப்பு ஊசி போட்டீங்களா, விட்டுட்டீங்களா?"

டாக்டர் வினோதாவின் குரலில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"போட்டாச்சு மேடம். நான்தான் புடிச்சேன். பாண்டியண்ணன் குத்துனாரு."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்."

டாக்டர் கையிலிருந்த குறிப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்போடு இணைத்திருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. இது ரெண்டாம் ரூம் எலியோட சினைப்பை."

நாவல்பழக் கொத்து மாதிரி இருந்தது. உருண்டை உருண்டையாக, சின்னதும் பெரிசுமாக. ஒவ்வொரு உருண்டைக்கும் நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி அடுக்கடுக்காக ஊதா நிறம்.

"நடுவுல இருக்கிறது முட்டை. சுத்தி இருக்கிற செல்லுங்கதான் அதை வளர்க்குது. நிறுத்த ஊசி போட்டா அந்த செல்லுங்க தூங்கிடும். எழுப்பு ஊசியில இருக்கிற ஹார்மோன் வந்து தட்டினா, ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி இப்படி அடுக்கு போடும். அடுக்கு விழுந்தாத்தான் முட்டை பழுக்கும். புரியுதா?"

"ம்."

"இது நாலாம் ரூம்."

கொத்தும் இல்லை, உருண்டையும் இல்லை. காய்ந்த சுண்டைக்காய் வத்தலைக் குறுக்கே நறுக்கி வைத்த மாதிரி இருந்தது. அங்கங்கே வெளிறிய திட்டுகள்.

"ரெண்டுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே தீனி," என்றார் டாக்டர். "ஒரே ஒரு வித்தியாசம்தான். நாலாம் ரூம்ல லைட் அணையல. இருட்டானா மூளையில ஒரு ஹார்மோன் ஊறும் அமலி. வெளிச்சம் இருந்தா ஊறாது. எழுப்பு ஊசி செல்லை எழுந்திருன்னு சொல்லுது. ஆனா எழுந்து நிக்க இருட்டு ஹார்மோனும் கை குடுக்கணும் போல. கை குடுக்க ஆள் இல்லைன்னா செல் பாதி எழுந்து, நிக்க முடியாம விழுந்து செத்துப்போகுது. ஒவ்வொரு ஊசிக்கும் கொஞ்சம் செல் சாகும். மூணு ஊசி போட்டா..."

நிறுத்திக்கொண்டார். எதிரில் நிற்பது யார் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அமலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிறிய திட்டுகளையும் பார்த்தாள்.

டாக்டர் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார். "முதல் தடவை இந்த மருந்தைச் சோதிச்சப்பவும் நீங்கதானே இருந்தீங்க? அப்ப எந்த ரூம்லயாவது லைட் கெட்டிருக்கா?"

"கெடாம? நம்மூரு கரண்டு என்னா லச்சணத்துல வரும்னு தெரியாதா மேடம். வருசத்துக்கு ரெண்டு மூணு ரூம் போகும்."

"அந்த எலிகளை என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? கணக்குல வராதுன்னு தூக்கிப் போட்டோம். இப்ப சொன்னாங்கள்ல, அதேதான். வெட்டியெல்லாம் பாக்க மாட்டாங்க."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மனுசங்க மேல சோதிச்சதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில தனி ரூம் குடுத்து, பத்து மணிக்கு லைட் அணைச்சு, தூங்க வெச்சிருக்காங்க. அவங்களுக்கு ராத்திரின்னு ஒண்ணு இருந்துச்சு." கொஞ்சம் தயங்கினார். "அமலி, ஒண்ணு கேட்கலாமா? ஊசி போட்டப்ப நீங்க எப்படிப் படுத்திருந்தீங்க?"

"மொத தடவ ஹாஸ்டல்ல மேடம். அங்க லைட்டே அணைக்க மாட்டாங்க. ஒரு ஷிப்ட் தூங்கும்போது இன்னொரு ஷிப்ட் எழுந்து கெளம்பும்."

"ரெண்டாவது, மூணாவது?"

அமலிக்குப் பதில் தெரியும்.

"வீட்ல," என்றாள். "அம்மாகூட."

*

சவரியம்மாள் வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறாள். சின்ன வெங்காயத்தின் வாலையும் வேரையும் அரிவாள்மனையில் நறுக்கித் தள்ளுகிற வேலை. முப்பது வருசமாக அதே வேலை. குளித்தாலும் வாசம் போகாது.

"வாத்தா. நீ எலி வாலப் புடிக்கிற, நான் வெங்காய வால அறுக்குறேன். நம்ம குடும்பத்துக்கு வாலுதான் சோறு போடுது." சவரியம்மாள் தட்டை நகர்த்தி வைத்தாள். "என்னா மூஞ்சி இப்பிடி இருக்கு? எலி கடிச்சிருச்சா?"

"எம்மா, நான் ஊசி போட்டுட்டு வந்து படுத்திருந்தப்ப நீ ஏன் லைட்ட அணைக்கவே இல்ல?"

"இதென்னா கேள்வி. சடங்கான புள்ளய இருட்டுலயா போடுவாங்க?"

அப்படித்தான் ஆகியிருந்தது அந்தப் பக்கத்து ஊர்களில். எழுப்பு ஊசி போட்ட பெண்ணுக்கு முழு ஓய்வு வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்புவாள். நின்றுபோனது திரும்பி வரப்போகிறது என்றால் அது இன்னொரு முறை வயசுக்கு வருவதுதானே. பெண்ணைத் தனியாக உட்கார வைத்தார்கள். தனித்தட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய். தலைமாட்டில் வேப்பிலை, ஒரு இரும்புத் துண்டு. வேதக்கார வீடாக இருந்தால் கூடவே ஒரு சிலுவை. விடிய விடிய விளக்கு. ரெண்டாஞ்சடங்கு என்று பேர்கூட வந்துவிட்டது. புதுச் சேலை எடுத்துக்கொண்டு தாய்மாமன்கள் வந்தார்கள்.

"காத்து கருப்பு அண்டிருமே," என்றாள் சவரியம்மாள். "மொத தடவ ஹாஸ்டல்ல போட்டாங்க, பாத்துக்க ஆளு இல்ல, அதான் பலிக்கல. இந்தத் தடவ விடக்கூடாதுன்னு இருந்தேன். ஒருநா ராத்திரி கரண்டு போயிருச்சே, ஞாபகம் இருக்கா? மழையில ஓடிப்போய் பங்குக் கோயில்ல சாமியார எழுப்பி, அந்தப் பெரிய மெழுகுவத்திய வாங்கியாந்து ஏத்துனேன். அவரு என்னமோ ஏதோன்னு பயந்துட்டாரு." சிரித்தாள். "என் கண்ணு அவிஞ்சாலும் உன் லைட்டு அவியக்கூடாதுன்னு முழிச்சுக் கெடந்தேன். மூணாவது தடவையும் அப்பிடித்தான். ஆண்டவர் எறங்கல. நாம என்ன செய்ய. நான் ஒரு கொறையும் வெக்கல."

அமலி சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஒரு கொறையும் வெக்கலம்மா நீ," என்றாள்.

*

ஊசி பலிக்காத பெண்கள் சேர்ந்து போட்ட வழக்கில் விசாரணைக்கு ஒரு அதிகாரியை அரசாங்கம் போட்டிருந்தது. டாக்டர் வினோதா அங்கே போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னார். சொன்ன மறுநாளே அவருக்கு வேலை போய்விடும் என்பது எலி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"என்கிட்ட எலி இருக்கு. ஆனா எலி மட்டும் போதாது," என்றார். "மூணு ஊசியும் போட்டு, ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு சொல்ல ஒரு பொண்ணு வேணும். நீங்க வரணும்."

"சொன்னா என்னாகும் மேடம்?"

"லைட் கெட்ட ரூமை ஒரு தடவையாவது கம்பெனி பார்த்திருந்தா இது முன்னாடியே தெரிஞ்சிருக்கும். பார்க்காம தூக்கிப் போட்டது அவங்க தப்புன்னு ஆகும். இனிமே ஊசி போட்டுக்கிற பொண்ணுங்களாவது தப்பிப்பாங்க."

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிரும்."

"அவங்க மேல என்ன தப்பு இருக்கு? அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தப்பில்லன்னு உங்களுக்குத் தெரியுது, எனக்குந் தெரியுது. அதத் தெனமும் தூக்கிச் சொமக்கப்போறது அவ. வெங்காய மூட்டையா எறக்கி வெக்கறதுக்கு?"

டாக்டர், படித்தவர்கள் பதில் இல்லாதபோது செய்வதைச் செய்தார். அமலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அமலி போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் மற்ற மூணு ரூமிலும் இன்னும் எலிகள் இருந்தன. மில்லில் இன்னும் பெண்கள் இருந்தார்கள். கடைசியில் ஒரு வழி யோசித்தாள். ஹாஸ்டலைப் பற்றி மட்டும் சொல்லலாம். ஹாஸ்டல் லைட்டுக்கு அம்மா பொறுப்பில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டால் மழுப்பிவிடலாம்.

விசாரணைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் சவரியம்மாள் மண்டிக்கு லீவு போட்டாள். "நீ தனியாப் போயி அந்தப் பெரிய மனுசங்க முன்னாடி நிப்பியா? நானும் வாரேன்." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மாதா திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியில் தக்காளிச் சோறோடு பஸ் ஏறிவிட்டாள்.

*

கலெக்டர் ஆபீஸ் மாடியில் ஒரு நீள ஹால். மேலே ஃபேன்கள் கடகடவென்று ஓடின. வக்கீல்களும் அதிகாரியும் இங்கிலீசில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் வினோதா திரையில் நாவல் கொத்தையும் வத்தலையும் காட்டி வெகுநேரம் பேசினார். எல்லாம் இங்கிலீஷ். கடைசிப் பெஞ்சில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சவரியம்மாளுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. பெண்களின் உடம்பு ஏன் கெட்டது என்று பேசுகிறார்கள்.

அமலியைக் கூப்பிட்டார்கள். ஹாஸ்டல் லைட்டைப் பற்றிச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். அதிகாரி குறித்துக்கொண்டார்.

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். நல்ல தமிழில், பொறுமையாகக் கேட்டார்.

"முதல் ஊசி ஹாஸ்டலில். சரிம்மா. அடுத்த ரெண்டும் உங்க வீட்டில்தானே?"

"ஆமா சார்."

"வீட்டில் ராத்திரி லைட் எரிந்ததா, அணைத்திருந்ததா?"

மழுப்ப முடியாத கேள்வி. எரிந்தது என்றால் அம்மா. அணைந்திருந்தது என்றால் இருட்டில் போட்ட ஊசியும் பலிக்கவில்லை என்று ஆகிவிடும். டாக்டர் சொன்னது எல்லாம் பொய்யாகிவிடும். அமலி டாக்டரைப் பார்த்தாள். அமலி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அம்மா அவளுக்குத் தைரியம் சொல்கிற மாதிரித் தலையாட்டினாள்.

"அணைச்சிருந்துச்சு சார்."

"இருட்டிலா படுத்திருந்தீங்க?"

"இருட்டுலதான்."

ஹாலில் ஒரு சலசலப்பு. வக்கீல் அதிகாரியைப் பார்த்து லேசாகக் கையை விரித்தார். டாக்டர் வினோதா கண்ணை மூடிக்கொண்டார்.

"அய்யா."

கடைசிப் பெஞ்சில் சவரியம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"அய்யா, எம்மவ ஏதோ பயத்துல மாத்திச் சொல்லுது. நான் அதப் பெத்தவ. புள்ளய நான் இருட்டுல போடல."

"எம்மா, உக்காரு," என்றாள் அமலி.

"நீ இருத்தா. கேக்குறாங்கள்ல." அவள் அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். குரல் நடுங்கவில்லை. "பெத்தவ ஒழுங்காப் பாக்கலன்னு நாளைக்கு எழுதிட்டீங்கன்னா? ரெண்டு தடவையும் நான்தான் பாத்தேன். ஒரு ராத்திரிகூட லைட்டு அணையல. கரண்டு போன அன்னிக்கும் கோயில் மெழுகுவத்திய வாங்கி ஏத்தினேன். வேணும்னா எங்க சாமியாரக் கேட்டுக்கங்க. நாங்க கூலி வேல பாக்குறவங்கதான். ஆனா புள்ளய இருட்டுல போடுற சாதியில்ல."

வக்கீல் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார்.

"ரொம்ப நன்றிம்மா. இதைத்தான் தெரிஞ்சுக்க விரும்பினோம்."

பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி இங்கிலீசுக்கு மாறினார். அமலிக்கு அரைகுறையாகப் புரிந்தது. மருந்தில் குறை இல்லை. முழு ஓய்வு என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறோம். வெளிச்சத்தில் யாருக்கு ஓய்வு கிடைக்கும்? இவர்களுடைய வீட்டுப் பழக்கத்துக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? டாக்டர் வினோதா எழுந்து, தூக்கிப்போட்ட ரூம்களைப் பற்றி ஏதோ சொன்னார். உலகத்தில் எந்த லேபிலும் லைட் கெட்ட ரூமைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்த்திருந்தால்தான் தப்பு என்றார் வக்கீல். அதிகாரி தலையாட்டினார். ரூல் அப்படித்தான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சவரியம்மாள் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உனக்குப் பயம் வந்துருச்சு. அதான் உளறிட்ட," என்றாள். "நான் இல்லாமப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஆமாம்மா."

"சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்ன."

"அந்த வக்கீல் நல்ல மனுசன். கையெடுத்துக் கும்புடாத கொறைதான்."

தூக்குவாளியைத் திறந்தாள். தக்காளிச் சோறு லேசாக ஊசியிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

*

டாக்டர் வினோதா அதற்குப் பிறகு வரவில்லை. நாலாம் ரூமுக்குப் புது டைமர் போட்டுப் புது எலிகளை இறக்கினார்கள். விசாரணை முடிவில் கம்பெனி மேல் குற்றம் இல்லை என்று வந்தது. மருந்தின் மேல் தமிழில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும், மில் ஊர்களில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். ஹாஸ்டல்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஷிப்ட் ஷிப்ட்தான்.

விளம்பரம் அவர்கள் தெருவுக்கு வந்த அன்று அமலி வேலையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அப்புறம் சொன்னாள். மத்தியானம் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்ததாம். நல்ல கணீரென்ற பெண் குரலாம். தாய்மார்களே, எழுப்பு ஊசி போட்ட உங்கள் மகளை ராத்திரி வெளிச்சத்தில் வைக்காதீர்கள், வெளிச்சம் கருமுட்டையைக் கொல்லும், உங்கள் அறியாமையால் மகளின் வாழ்க்கையைக் கெடுக்காதீர்கள். மூணு தடவை தெருவைச் சுற்றி வந்ததாம். மண்டிக்கு லீவு என்பதால் சவரியம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். ஆட்டோ போனபிறகும் பொறுக்கிக்கொண்டே இருந்தாளாம். பொறுக்கி முடித்த அரிசியைக் கொட்டி மறுபடியும் பொறுக்கினாளாம்.

அன்று சாயங்காலம் அமலிக்கு இது எதுவும் தெரியாது. எலி வீட்டில் லைட்டுகள் தானாக அணைந்தன. இருட்டில் எலிகள் ஓட ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

தெருவில் எல்லா வீட்டிலும் லைட் எரிந்தது. அவர்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அடுப்பு பற்றவைத்த அடையாளம் இல்லை. உள்ளே வெங்காய வாசம் வந்தது. அதை வைத்துத்தான் அம்மா இருக்கிறாள் என்று தெரிந்தது.

"எம்மா? ஃபீஸ் போயிருச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இருட்டுல உக்காந்திருக்க?"

அமலி சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடினாள். விரல் சுவிட்சில் பட்டபோது அம்மாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அழுத்திப் பிடிக்கவில்லை.

"வேணாம்த்தா."

அமலி கையை எடுத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகம் தெரியவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து சவரியம்மாள் கேட்டாள்.

"அந்த எலிங்களுக்கெல்லாம் ராத்திரியானா லைட்ட அணைச்சிருவாங்களா?"

"அணைச்சிருவாங்கம்மா."

"நல்லது," என்றாள் சவரியம்மாள்.